பொடி நிறுத்தி ஏழு நாள்

அந்த நீச்சல் குளத்துக்கு நீளம் நாற்பதடி, அகலம் இருபதடி. ஆழம் ஒரு முனையில் மூன்றரை அடி, மறுமுனையில் ஏழு. சராசரி ஐந்தேகால் என்று வைத்துப் பெருக்கினால் நாலாயிரத்து இருநூறு கன அடி வரும். லிட்டரில் சொன்னால் ஒரு லட்சத்துப் பத்தொன்பதாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. உள்ளே பதித்திருந்த நீல ஓடுகள் ஐயாயிரத்து எழுநூற்று இருபது. நான் வேலைக்குச் சேர்ந்த அன்று அவற்றில் விரிசல் விட்டிருந்தவை நாற்பத்தொன்று. இதெல்லாம் இன்றும் மனப்பாடம். காலையில் ரத்த அழுத்த மாத்திரை போட்டேனா என்பதுதான் நினைவில் நிற்பதில்லை. தினமும் டப்பியைக் கவிழ்த்து மிச்சத்தை எண்ணிப் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன்.

உயர்நிலைப் பள்ளியில் முப்பத்திரண்டு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்ற பிறகு, தொண்ணூறுகளில் எட்டு வருடம் ஒரு பங்களாவில் மேனேஜராக இருந்தேன். பெரியநாயக்கன்பாளையம் தாண்டிக் காரமடை போகிற வழியில், மேட்டுப்பாளையம் ரோட்டிலிருந்து மேற்கே இரண்டு மைல் உள்ளே இருந்தது அந்த இடம். பதினோரு ஏக்கர், முந்நூற்றுப் பன்னிரண்டு தென்னை, நடுவே பதினாலு அறை வைத்த வீடு. முதலாளி பம்ப் மோட்டார் வார்ப்படத் தொழில் செய்தவர். எங்களுக்குச் சொந்த வீடு கிடையாது. பின்கட்டில் எனக்கும் என் மனைவிக்கும் இரண்டு அறை கொடுத்திருந்தார். மேனேஜர் என்று பெயரே தவிர, ஊரில் எல்லோருக்கும் நான் வாத்தியார்தான்.

முதலாளியின் பேரப்பிள்ளைகள் ஊட்டியில் தங்கிப் படித்தார்கள். பரீட்சை முடிந்து அவர்கள் வருவதற்குள், பங்குனிக் கடைசியில் குளத்தைத் திறந்தாக வேண்டும். ஆனி பிறந்ததும் மூடிவிடுவோம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக அந்த மாதம் அடிக்கிற காற்றில் தண்ணீருக்கு மேலே சருகும் தூசியும் ஒரு போர்வையாகப் படிந்துவிடும். எத்தனை வலை போட்டு அள்ளினாலும் தீராது. ஆக வருடத்தில் மூன்று மாதம் குளம், ஒன்பது மாதம் வெறும் குழி.

திறப்பது என்றால் முதலில் குழியில் தேங்கிய மழைத் தண்ணீரை இறைக்க வேண்டும். தவளைகள் இருக்கும். ஒரு வருடம் அறுபத்து மூன்று. கூடையில் அள்ளி மதிலுக்கு வெளியே சுடும் கல்லின் மேல் கொட்டச் சொன்னார் முதலாளி. பக்கத்தில் விட்டால் திரும்பி வந்துவிடுமாம். பிறகு ஆறு பெண்கள் உள்ளே இறங்கித் தேங்காய் நாரால் ஓடு ஓடாகத் தேய்ப்பார்கள். நான் மேலே நின்று தேய்த்த வரிசைகளை எண்ணுவேன். வாத்தியார் நாம் மூச்சு விடுவதையும் எண்ணுகிறார், மெல்ல விடுங்கடி என்று ஒருத்தி சொல்ல மற்ற ஐவரும் சிரித்தது ஞாபகம் இருக்கிறது. அவர்கள் ஏறி வந்ததும் ஏணியை வெளியே எடுத்துவிடுவோம். அதற்குப் பிறகு தேய்த்தவர்களில் யாரும் அந்தத் தண்ணீரில் விரல் வைக்கக் கூடாது. யாரும் வைத்ததும் இல்லை.

ஓடு பார்க்க உக்கடத்திலிருந்து ஒரு பாய் வருவார். திறக்கும்போது ஒரு தடவை, மூடிய பிறகு ஒரு தடவை. கொத்துக் கரணையின் கைப்பிடியால் ஒவ்வொரு ஓடாகத் தட்டிக் காதை வைத்துக் கேட்பார். அடியில் வெற்றிடம் விழுந்து பொள்ளலாகச் சத்தம் வந்தால் பெயர்த்துவிட்டு வேறு பதிப்பார். வேலை சுத்தம், வாய் கொஞ்சம் நீளம்.

இனித் தண்ணீர். பங்களா ஆழ்துளைக் கிணற்றில் வருவது உப்புத் தண்ணீர், ஓட்டில் வெள்ளை வெள்ளையாகக் கறை பிடிக்கும். மதிலுக்குக் கிழக்கே, சரிவில், ஒன்றேகால் ஏக்கர் தோட்டம் ஒன்று இருந்தது. அதன் கிணற்றில் நல்ல தண்ணீர். குளம் கட்டிய வருடமே அந்தத் தோட்டக்காரரும் முதலாளியும் வாய்ப்பேச்சாக ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். பங்குனியில் தோட்டத்தில் வெள்ளாமை இருக்காது. அப்போது அந்தக் கிணற்றுத் தண்ணீர் குழாய் வழியே மேலே குளத்துக்கு வரும். ஆனியில் குளத்தை மூடும்போது மொத்தத் தண்ணீரும் வாய்க்கால் வழியே கீழே அவர் நட்ட மஞ்சளுக்குப் போகும். தினம் ஒரு மணி நேரம் மோட்டார் ஓடினால் கிணறு இறங்கிவிடும், மறுநாள்தான் ஊறும். குளத்தில் நாளுக்கு ஏழு அங்குலம் ஏறும். ஒன்பது நாளில் நிறையும்.

குளத்துக்கு பிளீச்சிங் பவுடர் போடுவோம். பொடி என்றுதான் சொல்வோம். முதல் வருடம், நான் வருவதற்கு முன், பொடி போட்ட மூன்றாம் நாளே தண்ணீரைத் திறந்துவிட்டு வாய்க்கால் ஓரத்து வெங்காயம் நாலு பாத்தி வெந்துபோனதாம். அதற்குப் பிறகு பாய் ஒரு விதி சொன்னார்: பொடியை நிறுத்தி ஏழு நாள் வெயில் பட வேண்டும், எட்டாம் நாள்தான் மடை திறக்க வேண்டும். நான் வந்ததிலிருந்து அந்த ஏழு நாளை எண்ணுவது என் பொறுப்பு. தண்ணீர் மெல்லப் பச்சை கட்டும், யாரும் இறங்க மாட்டார்கள். எட்டாம் நாள் காலை மதிலுக்கு வெளியே வாய்க்கால் தலைப்பில் மண்வெட்டியோடு தோட்டக்காரரும் அவர் மனைவியும் நிற்பார்கள். எத்தனை நாளாச்சுங்க என்று கேட்பார்கள். ஏழு என்பேன். திறப்போம். நாலு வருடம் இப்படி நடந்தது, ஒரு செடி வாடவில்லை.

ஐந்தாம் வருடத்துக்கு முந்தைய தீபாவளி சமயத்தில் தோட்டக்காரர் இறந்துபோனார். அவர் மனைவிக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒரே மகளைப் பெருந்துறையில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். பூமியில் கொழுந்தனார் இருவருக்கும் பங்கு உண்டு. தனிப் பொம்பளை என்ன பண்ணுவாள், மேட்டுப் பங்களாவுக்கே கொடுத்துவிடலாம் என்று அவர்கள் சொன்னார்கள். முதலாளியும் இரண்டு தடவை ஆள் விட்டுக் கேட்டிருந்தார், மிகவும் மரியாதையாக. அந்த அம்மா ஒரே ஒரு வருடம் தவணை வாங்கினார். இந்த மஞ்சளை எடுத்துக் காட்டுகிறேன், எடுத்துவிட்டால் யாரும் பேசக் கூடாது, எடுக்காவிட்டால் கைநாட்டு வைக்கிறேன் என்று ஊர்ப் பெரியவர்கள் நாலு பேர் முன்னால் சொன்னார். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அந்தப் பங்குனியில் கிணறு மிகவும் இறங்கியிருந்தது. ஒன்பது நாளில் நிறைய வேண்டியது பதினாலு நாள் பிடித்தது. இந்த வருடம் தண்ணீர் கொடுக்க முடியாது என்று அவர் சொல்லியிருக்கலாம். அவர் சொல்லவில்லை. புருஷன் கொடுத்த வாக்கு என்றார், ஆனியில் திரும்பி வரத்தானே போகிறது என்றார். வைகாசியில் அரை ஏக்கருக்கு மஞ்சள் ஊன்றினார். போன வெள்ளாமையில் எடுத்து வைத்த விதைக் கிழங்கு அத்தனையும் மண்ணுக்குள் போய்விட்டது. மறுபடி ஊன்ற ஒரு கிழங்கு மிச்சமில்லை.

ஆனி பிறந்தது. மேற்கே மலைமேல் மேகம் நின்றது, ஒரு சொட்டு இறங்கவில்லை. காற்று மட்டும் தென்னையைப் பிடித்து உலுக்கியது. பிள்ளைகள் ஊட்டிக்குப் போய்விட்டார்கள். நான் பொடியை நிறுத்தப் போனபோது முதலாளி வேண்டாம் என்றார். இளைய மகனுக்குப் பெண் பேசியிருந்தது. சம்பந்தி வீட்டார் வீடு பார்க்க வருகிறார்கள், அதுவரை குளம் நீலமாகவே இருக்கட்டும் என்றார். எப்போது வருகிறார்கள் என்று கேட்டேன். நல்ல நாள் பார்த்துச் சொல்வார்கள் என்றார்.

பன்னிரண்டு நாள் போயிற்று. குளத்தில் ஓர் ஆள் இறங்கவில்லை. தினமும் நான் வலை போட்டுச் சருகு அள்ளினேன், பொடி போட்டேன். தினமும் காலையில் அந்த அம்மா மதில் ஓரம் வந்து நிற்பார். மதில் ஏழடி உயரம். அந்தப் பக்கமிருந்து குரல் மட்டும் வரும்.

"ஏனுங்க வாத்தியாருங்க, நிறுத்தியாச்சுங்களா?"

இன்னும் இல்லை என்பேன். மஞ்சள் மொளப்பு விரல் கடை உயரம் வந்துவிட்டது, நுனி சுருளுகிறது, கிணற்றில் குடம் முங்கத் தண்ணீர் இல்லை என்பார். குடத்தில் கொண்டுவந்து ஊற்றுகிறேன், ஒரு பாருக்கு ஒன்பது குடம் ஆகிறது என்பார். பார் என்பது மஞ்சள் ஊன்றிய வரப்பு வரிசை. அப்படி நூற்றிரண்டு பார். அவருக்கு எழுதத் தெரியாது. கட்டை விரலால் மற்ற விரல் கணுக்களைத் தொட்டுத் தொட்டு எண்ணுவார், தப்பவே தப்பாது. தினமும் வந்து கேட்பது எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது. முதல் நாலு நாள் ஒரே கேள்வி, ஒரே பதில். மீதி எட்டு நாளும் குரல் கேட்டதும் நான் பதில் சொல்லாமல் பம்ப் அறைக்குள் போய்விட்டேன்.

முதலாளியிடம் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். அந்தம்மா பாவமுங்க என்றார். நெஜமாவே பாவமுங்க வாத்தியாருங்க, பொம்பளையாளு ஒத்தையில கெடந்து அல்லாடறாங்க, காலாகாலத்துல கொடுத்துட்டு மகளூட்டுக்குப் போயிருந்தா நிம்மதியா இருந்திருப்பாங்க என்றார். அந்த வீட்டில் யாரும் யாரையும் நீ என்று சொல்லி நான் கேட்டதில்லை. நாயைக்கூட வாங்க போங்க என்பார்கள்.

சம்பந்தி வீட்டார் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். முந்தின நாள் சனிக்கிழமை குளம் லேசாகக் கலங்கியிருந்தது. இரண்டு மூட்டை பொடியை மொத்தமாகக் கொட்டச் சொன்னார் முதலாளி. ஒரு மூட்டை இருபத்தைந்து கிலோ. வழக்கமாக நாளொன்றுக்கு அரைக் கிலோதான் போடுவேன். கொட்டும்போது கண் எரிந்து தாரை தாரையாக வழிந்தது. மறுநாள் பதினேழு பேர் மூன்று காரில் வந்தார்கள். குளத்தைச் சுற்றி நாற்காலி போட்டிருந்தோம். இருபது நிமிடம் உட்கார்ந்தார்கள். பெண்ணின் சித்தப்பா வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு காலை மட்டும் நனைத்துப் பார்த்துவிட்டு, குளுகுளுன்னு இருக்குதுங்க என்றார். பிறகு சாப்பிடப் போய்விட்டார்கள். அந்த ஒரு காலுக்காகத்தான் பன்னிரண்டு நாளும்.

திங்கள் காலை ஏழு மணிக்கு முதலாளி குளத்துப் படியில் நின்று என்னைக் கூப்பிட்டார். இன்றைக்கே மூடிவிடலாம், மடையைத் திறந்துவிடுங்கள் என்றார். ஏழு நாள் கழிய வேண்டும் என்றேன்.

"இனி ஏழு நாளு போச்சுன்னா மொளப்பு காஞ்சே போயிருமுங்க. அந்தம்மா காத்துட்டு இருக்கறாங்க. பாவம், உட்டுருங்க வாத்தியாருங்க."

அவர் முகத்தில் இரக்கம் இருந்தது. இன்றுவரை அதைப் பொய் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை. சனிக்கிழமை இரண்டு மூட்டை கொட்டியது அவருக்குத் தெரியும், சொன்னதே அவர்தான். வெங்காயம் வெந்த கதையும் தெரியும். ஆனால் என்னைப் பொய் சொல்லச் சொல்லவில்லை. அதை எழுதியே ஆக வேண்டும். மடையைத் திறக்கத்தான் சொன்னார்.

ஆள் விட்டுச் சொன்னதும் அந்த அம்மா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். மதிலில் மடைக்குப் பக்கத்தில் ஒரு சிறு கதவு உண்டு. அதைத் திறந்தேன். தலையில் துண்டு கட்டியிருந்தார், கால் முழங்கால் வரை புழுதி. முதலாளி என் பின்னால் பத்தடி தூரத்தில் படியிலேயே நின்றிருந்தார்.

"பொடி நிறுத்தி எத்தன நாளாச்சுங்க?"

வேறு யாரைக் கேட்டிருந்தாலும் அவர் இன்னொரு தடவை கேட்டிருப்பார். நான் எண்ணுகிறவன். நாலு வருடம் என் எண்ணும் அவர் விரல் கணுவும் ஒத்துப் போயிருந்தன.

"ஏழு நாளாச்சுங்க அம்மணி," என்றேன்.

வால்வைத் திருகினேன். பதினோரு சுற்று. தண்ணீர் வாய்க்காலில் பாய்ந்தது. அவர் குனிந்து ஒரு கை அள்ளினார். நிறம் தெளிவாக இருக்கிறதே, எப்போதும் பச்சையாகத்தானே வரும் என்றார். இந்த வருடம் மேகமூட்டம், பாசி பிடிக்கவில்லை என்று சொன்னேன். அது இரண்டாவது பொய். வாசம் பற்றி அவர் கேட்கவில்லை. மேற்கத்திக் காற்று அந்த வாசத்தை எப்போதும் அவர் தோட்டத்துப் பக்கமே கொண்டுபோகும், அவர் மூக்கு அதற்குப் பழகியிருந்தது. நல்லா இருப்பீங்க சாமி என்று முதலாளியைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, தண்ணீருக்கு முன்னால் வாய்க்காலில் ஓடினார். முதல் பாருக்கு மடை வெட்ட வேண்டுமே.

ஏன் சொன்னேன் என்று பல வருடம் யோசித்திருக்கிறேன். குடியிருந்த இரண்டு அறை ஒரு காரணம், மனைவியின் முழங்கால் வலி ஒரு காரணம் என்று எனக்கு நானே எண்ணிக் காட்டியிருக்கிறேன். இரண்டு நாள்தான் ஆச்சு அம்மணி என்று சொல்லியிருந்தால் முதலாளி என்னைத் துரத்தியிருக்க மாட்டார். சிரித்திருப்பார். ஒரு நிமிடம் மூன்று பேருக்கும் சங்கடமாக இருந்திருக்கும். அந்தச் சங்கடத்துக்குப் பயந்துதான் சொன்னேன். அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

தண்ணீர் ஒன்றரை நாள் போயிற்று. அடியில் கிடந்ததை மோட்டார் வைத்து இறைத்து அதையும் அனுப்பினோம். வெள்ளிக்கிழமை மொளப்பு வெளிறியது. அடுத்த புதன்கிழமை காலை அந்த அம்மா பின்கட்டு வாசலில் வந்து நின்றார். கத்தவில்லை, அழவில்லை.

"கொஞ்சம் தோட்டத்துக்கு வாங்க வாத்தியாருங்க. எண்ணோணும்."

போனேன். வாய்க்கால் கரையில் புல் வெள்ளையாகக் கிடந்தது. பார் பாராக மஞ்சள் மொளப்பு வைக்கோல் துண்டு மாதிரி சாய்ந்திருந்தது. ஒரு கிழங்கைத் தோண்டி எடுத்து என் கையில் வைத்தார். நசுக்கினேன், வேகவைத்த மாதிரி நசுங்கியது. முதல் பாரின் தலைப்பில் என்னை நிறுத்தினார்.

"உசுரோட இருக்கறத மட்டும் எண்ணுங்க. செத்தத நான் எண்ணிப்போட்டேன்."

ஒரு பாருக்கு இருநூற்று இருபது என்று ஊன்றியிருந்தார். முதல் முப்பத்தொரு பாரில் எனக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அவர் என் பின்னாலேயே வந்தார், நான் எதையாவது தாண்டிவிடுகிறேனா என்று பார்ப்பது போல. தண்ணீர் சரியாக ஏறாத மேட்டு மூலையில் கொஞ்சம் பச்சை இருந்தது. மூன்று மணி நேரம் ஆயிற்று. வெயிலில் எனக்குத் தலை சுற்றியது, உட்காரச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன், சொல்லவில்லை. கடைசிப் பாரில் நிமிர்ந்து, ஆயிரத்து நூற்றுப் பதினேழு என்றேன். அவர் கட்டை விரலைக் கணுவில் வைத்துக் கணக்குப் பார்த்தார். சரியாத்தானுங்க இருக்குது என்றார். குடிக்கத் தண்ணீர் மட்டும் கொடுத்தார். குடித்தேன்.

அந்த வாரமே பாய் ஓடு தட்ட வந்தார். மடை வாயில் வெளுத்துக் கிடந்த கல்லைப் பார்த்தார், கதவுக்கு வெளியே தலையை நீட்டித் தோட்டத்தைப் பார்த்தார். எத்தனை நாளில் திறந்தீர்கள் என்று கேட்டார். நான் விரிசல் ஓடுகளின் பட்டியலை நீட்டினேன்.

"ஓட்டுல மயிரிழை கீறல் உழுந்தாக்கூட எண்ணிச் சொல்றவரு நீங்க, வாத்தியாரே. ஏழு மட்டும் எப்படி மறந்துச்சு?"

பட்டியலை வாங்கிக்கொண்டு உள்ளே இறங்கினார். சாயங்காலம் வரை தட்டிக்கொண்டே இருந்தார். அடுத்த பங்குனியில் சொல்லி அனுப்பினபோது இடுப்பு வலி என்று வரவில்லை. போத்தனூரிலிருந்து வேறு ஆளைப் பிடித்தோம். அவனுக்குப் பொள்ளல் சத்தமே கேட்கவில்லை.

தை மாதம் பத்திரம் ஆயிற்று. கைநாட்டு வைத்துவிட்டு அந்த அம்மா பங்களாவுக்கு வந்தார். முதலாளி வீட்டில் இலை போட்டுச் சாப்பிட வைத்தார்கள், முதலாளியின் மனைவி சேலையும் வெற்றிலை பாக்கும் வைத்துக் கொடுத்தார். கூடத்தில் எல்லோரும் அவரை வாங்க உட்காருங்க என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். போகும்போது சேலைப் பையோடு பின்கட்டுக்கு வந்தார். என் மனைவி உள்ளே படுத்திருந்தாள். மகள் வீட்டுக்குப் போகிறேன், பெருந்துறை பஸ் மூன்று மணிக்கு என்றார். பிறகு கேட்டார்.

"அன்னிக்கு எத்தன நாளுங்க?"

"ரெண்டு," என்றேன்.

சுண்டு விரலின் அடிக்கணுவைத் தொட்டார், அதற்கு மேல் கணுவைத் தொட்டார். அங்கேயே விரல் நின்றது.

"எனக்கும் ரெண்டாட்டத்தானுங்க இருந்துச்சு. தண்ணியப் பார்த்தப்பவே." பையை மறு கைக்கு மாற்றினார். "வாத்தியாரு சொல்றாரேன்னு உட்டுப்போட்டேன். சரிங்க, போயிட்டு வாரேனுங்க."

அடுத்த ஆனியில் நான் வழக்கம்போல் பொடியை நிறுத்தினேன். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை, கை தானாக நிறுத்தியது. மதிலில் அந்தப் பக்கம் இருபத்தேழு அடி இடித்திருந்தார்கள். மஞ்சள் ஊன்றிய பார்கள் அப்படியே கிடந்தன, அருகம்புல் முளைத்து. மூன்றாம் நாள் முதலாளி மருமகளோடு குளத்தங்கரைக்கு வந்தார். தண்ணீர் ஏன் பச்சை கட்டியிருக்கிறது என்று கேட்டார். ஏழு நாள் கணக்கு என்றேன். பெரியவர்களுக்கு ஏதோ மறந்துபோனதை எடுத்துச் சொல்கிற மாதிரி மெதுவாகச் சொன்னார்:

"அது யாருக்குங்க இனி?"

புது மருமகளுக்கு நீச்சல் தெரியுமாம், இன்னும் பத்து நாள் இருக்கட்டும் என்றார். பம்ப் அறையில் பொடி நாலு மூட்டை இருந்தது. ஒன்றைப் பிரித்தேன்.